பொட்டலமும் மங்கல வழக்கும்

பெற்றோர் வாட்ஸப் குரூப்புகளில் அவ்வப்போது ஒரு பட்டியல் சுற்றும். "உங்கள் பிள்ளை இந்த வார்த்தைகளைப் பேசுகிறானா? உஷார்!!!" என்று மூன்று ஆச்சரியக்குறியோடு ஆரம்பிக்கும். கீழே ஸ்டஃப், டோப், மால், பொட்டலம், ஸ்கோர், ஸ்டாம்ப், ஐஸ் என்று வரிசையாக வார்த்தைகள், பக்கத்திலேயே அர்த்தம். கடைசியில் "இதைப் பத்து பேருக்குப் பகிர்ந்தால் ஒரு குடும்பம் காப்பாற்றப்படும்" என்று ஒரு வரி.

படிக்கிற அப்பா உடனே பத்து பேருக்கு அனுப்புவார். ஒரு சமூக சேவை செய்த திருப்தியோடு போனைக் கீழே வைப்பார். மாடி ரூமில் அவருடைய பையன் படுத்திருப்பான், மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாமல். "அவனுக்கு என்னவாம்?" என்று அவர் கேட்பார். "பரீட்சை டென்ஷனுங்க" என்பார் அம்மா. அதோடு முடிந்தது.

இந்தப் பட்டியலால் ஒரு குடும்பமும் காப்பாற்றப்படப் போவதில்லை. பையன்கள் பேசுகிற ரகசிய வார்த்தை தெரியாததால் வீடுகள் ஏமாறுவது கொஞ்சம்தான். வீடு தனக்குத்தானே பேசிக்கொள்கிற ரகசிய வார்த்தைகளால் ஏமாறுவதுதான் அதிகம். அந்த இரண்டாவது பட்டியலை மட்டும் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள்

தமிழ் இரண்டாம் தாளில் 'தகுதி வழக்கு' என்று ஒரு பாடம் இருந்தது. மூன்று வகை. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. இரண்டு மார்க் கேள்வி. மனப்பாடம் செய்து எழுதி, பரீட்சை முடிந்ததும் மறந்துபோன விஷயம்.

குழூஉக்குறி என்றால் ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரிகிற மாதிரி ஒரு பொருளுக்கு வேறு பெயர் வைத்துக்கொள்வது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள். நன்னூல் உரையில் இன்னொரு உதாரணமும் உண்டு. வேடர்கள் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்களாம். குடித்தவனைப் பேச வைப்பது என்பதால் அந்தப் பெயர். அதாவது போதைப் பொருளுக்கு ரகசியப் பெயர் வைக்கும் பழக்கம் இன்ஸ்டாகிராமோடு வந்தது இல்லை. பவணந்தி முனிவர் நன்னூல் எழுதி ஏறக்குறைய 800 வருஷம் ஆகிறது. போதைக்குக் கோட் வேர்டு வைப்பது இலக்கணப் பாடத்துக்கே உதாரணமாகிற அளவுக்குப் பழைய சமாச்சாரம்.

கஞ்சாவுக்கே சித்த மருத்துவத்திலும் சாமியார்கள் மத்தியிலும் பழைய பெயர்கள் உண்டு. சிவமூலி, கோரக்கர் மூலி என்பார்கள். இன்று ஒரு பையன் போனில் "மாப்ள, மூலிகை இருக்கா?" என்று கேட்டால், பக்கத்தில் இருக்கும் அம்மாயி "பாவம், பிள்ளைக்குச் சளி போல" என்று நினைத்துக்கொள்வார். அவரைக் குறை சொல்ல முடியுமா?

மற்ற இரண்டு வகை கொஞ்சம் பொறுத்துத் தேவைப்படும். மங்கலம் என்றால் கெட்டதை நல்ல வார்த்தையால் சொல்வது. செத்தார் என்பதைத் துஞ்சினார் என்பது, சுடுகாட்டை நன்காடு என்பது. இடக்கரடக்கல் என்றால் நாலு பேர் முன்னால் சொல்லக் கூசுவதை மறைத்து வேறு மாதிரி சொல்வது. மூன்றுமே ஒரே வேலையைத்தான் செய்கின்றன, பொருளை மறைக்கிற வேலை. யாரிடமிருந்து, எதற்காக என்பதில்தான் வித்தியாசம்.

அமெரிக்காவே திணறிய வேலை

வார்த்தைப் பட்டியலை வைத்துப் போதையைப் பிடிக்கும் யோசனை வாட்ஸப் அங்கிள்கள் கண்டுபிடித்தது இல்லை. அமெரிக்காவின் போதைத் தடுப்பு அமைப்பான டி.இ.ஏ. 2018இல் இப்படி ஒரு கையேடு வெளியிட்டது. நூற்றுக்கணக்கான வார்த்தைகள். வார்த்தை போதவில்லை என்று 2021இல் எமோஜி பட்டியலும் வந்தது. பனிச்செதில் படம் போட்டால் கொக்கைன், கரண்ட் பிளக் படம் போட்டால் சரக்கு விற்பவர், இப்படி. ஆனால் அதே எமோஜி பட்டியலில் அவர்களே ஒரு எச்சரிக்கையும் போட்டிருந்தார்கள். படத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், பிள்ளையின் நடத்தையும் தோற்றமும் பணப்புழக்கமும் சேர்ந்து மாறியிருந்தால் உட்கார்ந்து பேச ஆரம்பியுங்கள் என்பது அதன் சாரம். ஃபார்வர்டு ஆகும்போது முதலில் உதிர்ந்துபோவது இந்த எச்சரிக்கைதான்.

பட்டியல் ஏன் உதவாது? மூன்று காரணம்.

முதல் காரணம், ரகசிய வார்த்தை வெளியே தெரிந்த அன்றே செத்துவிடும். அப்பா குரூப்பில் 'ஸ்டஃப்' வந்துவிட்டது என்றால் பையன்கள் வேறு பெயருக்குப் போய்விட்டார்கள் என்று அர்த்தம். இதற்கு உலகப் பிரசித்தமான உதாரணம் 420. 1971இல் கலிபோர்னியாவில் சான் ரஃபேல் என்ற ஊரின் பள்ளி மாணவர்கள் சிலர், சாயங்காலம் நாலு இருபதுக்குச் சந்திப்பதற்கு வைத்துக்கொண்ட கோட் வேர்டு அது. சில பையன்களுக்கு மட்டும் தெரிந்தது, பிறகு உலகம் முழுக்க டிசர்ட்டில் அச்சடித்து விற்கப்பட்டது. இங்கே ஒரு அப்பாவிடம் போய் 420 என்று சொல்லிப் பாருங்கள். "எவன்டா ஏமாத்துனது?" என்பார். இந்திய தண்டனைச் சட்டத்தின் மோசடிப் பிரிவு அது. அந்தச் சட்டமே 2024 ஜூலை 1இல் போய்ப் புதுச் சட்டம் வந்துவிட்டது, மோசடிக்கும் பிரிவு எண் மாறிவிட்டது. ஆனாலும் அவர் மண்டையில் 420 என்றால் ஏமாற்றுதான். ஒரே எண், வீட்டுக்குள் ஒரு அர்த்தம், மாடி ரூமில் ஒரு அர்த்தம்.

இரண்டாவது காரணம், இவை எல்லாம் சாதாரண வார்த்தைகள். மதுரையில் 'ஐஸ்' என்றால் ஜிகர்தண்டாவில் போடுவது, அல்லது மேனேஜருக்கு வைப்பது. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு அதே வார்த்தை வயிற்றைக் கலக்கும். இலங்கையில் மெத்தம்பெட்டமைனுக்கு அதுதான் பெயர். 'சொல்யூஷன்' என்றால் கணக்குப் பரீட்சையில் விடை, சைக்கிள் கடையில் பஞ்சர் பசை, இன்னும் சில இடங்களில் துணியில் ஊற்றி மோந்து பார்ப்பது. பட்டியலை வைத்துக்கொண்டு பையனின் மெசேஜைத் தடவும் அப்பாவுக்கு, கணக்கு வாத்தியார்தான் முதலில் மாட்டுவார்.

மூன்றாவது, சினிமா. 'பிதாமகன்' 2003இல் வந்தது. அந்தப் படத்தின் பாத்திரத்தால் ஒரு நகைச்சுவை நடிகருக்குக் கஞ்சா கருப்பு என்றே பெயர் நிலைத்துவிட்டது. குடும்பமே சிரித்துப் பார்க்கும் பெயர். பாட்டுகளிலும் ரீல்ஸ்களிலும் இந்த வார்த்தைகள் தாராளமாக வருகின்றன. ஒரு சிகரெட்கூடத் தொடாத பையன் கெத்துக்காக "செம டோப் மாப்ள" என்பான். நிஜமாகவே மாட்டிக்கொண்டவன் எந்த வார்த்தையும் பேச மாட்டான். அவன் பேச்சே குறைந்திருக்கும். பட்டியல் முதல் பையனைப் பிடித்து அடி வாங்க வைக்கும். இரண்டாவது பையனைத் தாண்டிப் போய்விடும்.

வீட்டு அகராதி

இப்போது இரண்டாவது பட்டியல். திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று மதுரையைச் சுற்றி எந்த ஊர் வீட்டிலும் காதில் விழக்கூடிய வார்த்தைகள். ஃபார்வர்டு பாணியிலேயே, பக்கத்தில் அர்த்தத்தோடு.

"சேர்க்கை சரியில்ல" – அர்த்தம்: தப்பு எதிர்வீட்டுப் பையன் மேல். எதிர்வீட்டில் இதே வாக்கியத்தை இவர்கள் பையனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

"வயசுக் கோளாறு, தானாச் சரியாயிரும்" – அர்த்தம்: இன்னும் ஆறு மாசம் எதுவும் செய்ய வேண்டாம். பழக்கம் அடிமைத்தனமாக முற்றுவதற்கு அந்த ஆறு மாசம் போதும்.

"யாரோ எதையோ கொடுத்துட்டாய்ங்க" – அர்த்தம்: பையன் சாப்பிட்டது மருந்து என்று தெரியும். ஆனால் அது செய்வினை மருந்து என்று நம்பிக்கொள்வது மனதுக்கு லேசாக இருக்கிறது.

"கண்ணு பட்டுருச்சு, ஒரு கயிறு கட்டுனா நல்லது" – அர்த்தம்: பாண்டி கோவிலுக்குப் போகலாம், பெரியாஸ்பத்திரிக்கு வேண்டாம். கோவிலில் பார்த்தால் பக்தி, ஆஸ்பத்திரியில் பார்த்தால் அவமானம். (கயிறு கட்டுவதில் தப்பே இல்லை. கட்டிவிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்கும் போனால் சாமி கோபித்துக்கொள்ளவா போகிறது?)

"அவனுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்ல" – அர்த்தம்: சொந்தக்காரர்கள் வந்திருக்கிறார்கள், கதவைச் சாத்து.

கடைசியாக, இருப்பதிலேயே கொடூரமான ஒன்று. "ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சா திருந்திருவான்." அர்த்தம்: எங்களால் முடியாத வேலையை இருபத்திரண்டு வயசில் ஒரு பொண்ணு வந்து செய்யட்டும். எதற்காகக் கூட்டிவந்தார்கள் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் பொண்ணு கிடைக்காதே. போதைக்கு ஒரு மருந்துச் சீட்டு எழுதுகிற மாதிரி ஒரு உயிரை எழுதிக் கொடுக்கிறார்கள். வீட்டிலிருந்து நகை ஒவ்வொன்றாகக் காணாமல் போகும்போது அந்தப் பொண்ணுக்கு முதலில் கிடைக்கும் பதிலும் இதே அகராதியிலிருந்துதான் வரும்: "வந்த நேரம் சரியில்ல."

பையன்களின் 'டோப்', 'மால்' எல்லாம் குழூஉக்குறி. வீட்டுக்காரர்களின் இந்த வாக்கியங்கள் மங்கலமும் இடக்கரடக்கலும். பையன் மறைப்பது மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. வீடு மறைப்பது நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதற்காக. பையனுடைய வார்த்தை வீட்டுக்குப் புரியாவிட்டால் கண்டுபிடிக்க ஒரு மாசம் தாமதம் ஆகும். வீட்டு வார்த்தைகள் வீட்டுக்கு நன்றாகவே புரியும். புரிந்துகொண்டே இரண்டு வருஷம் தள்ளிப்போடுவார்கள்.

அப்பா பேசுவது எந்தப் பாஷை?

போதைக்கு மறைவான சொற்கள் பையன்களிடம் மட்டும் இல்லை. 'சரக்கு', 'குவார்ட்டர்', 'கட்டிங்', 'மட்டை' என்று தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு வழங்குகிற ஒரு பெரிய சொற்களஞ்சியம் இருக்கிறது. அது ரகசியம்கூடக் கிடையாது. 2003 நவம்பரிலிருந்து அந்தச் சரக்கைச் சில்லறையில் விற்பதே அரசு நிறுவனம். கல்யாண வீட்டில், காதுகுத்தில், கிடாவெட்டில் பையன் பக்கத்தில் இருக்கும்போதே மாமன் மச்சான்கள் இந்தப் பாஷையில் பேசிச் சிரிப்பார்கள்.

எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்திய தேசியக் கணக்கெடுப்பு 2019இல் வெளியானது. அதன்படி இந்தியாவில் குடியால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுகிறவர்கள் 5.7 கோடிக்கு மேல். கஞ்சா வகைகளால் அப்படி உதவி தேவைப்படுகிறவர்கள் சுமார் 72 லட்சம். கஞ்சாவைப் பயன்படுத்தியவர்கள் மொத்தம் 3.1 கோடி. இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, தொட்டவன் எல்லாம் அடிமை இல்லை, ஆனால் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அது பிரச்சினையாகிறது. இரண்டு, பையன் வாயில் 'பொட்டலம்' வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் அப்பா, தன் வாயில் தினமும் வரும் 'கட்டிங்'கைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அதற்காக அப்பா குடிப்பதால் மகன் கஞ்சா அடிக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கை நடுங்கும் ஒரு மனிதர், "நீ எப்படிடா இதுக்கு அடிமையான?" என்று கேட்டால் பையன் என்ன நினைப்பான்? அந்தப் பேச்சுவார்த்தை அங்கேயே முடிந்துவிடும்.

பாஷையில் இன்னொரு அநியாயமும் உண்டு. ஒரே இலைக்கு இரண்டு பெயர். குடிசைப் பகுதிப் பையன் இழுத்தால் அவன் 'கஞ்சா குடிக்கி'. கார் வைத்திருக்கும் வீட்டுப் பையன் ஹாஸ்டலில் இழுத்தால் 'வீட்', அதுவும் 'ஸ்ட்ரெஸ்ஸுக்காக'. முதல் பையனை முடிவெட்டைப் பார்த்தே ரோட்டில் நிறுத்தி பாக்கெட்டைத் தடவுவார்கள். இரண்டாவது பையனுக்கு கவுன்சலிங் அப்பாயின்ட்மென்ட். வார்த்தைப் பட்டியல்கள் பிடிப்பதும் பெரும்பாலும் முதல் பையனுடைய பாஷையைத்தான். இரண்டாவது பையன் இங்கிலீஷில் பேசித் தப்பித்துவிடுகிறான். தப்பித்தல் என்று சொல்வதுகூடத் தப்பு. அவன் வீட்டிலும் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

காதை விட்டுவிட்டுக் கண்ணைத் திறக்கலாம்

அப்படியானால் வார்த்தைகளால் பிரயோஜனமே இல்லையா? உண்டு. ஒரு வார்த்தை புதிதாகக் காதில் விழுவது ஒரு கேள்வி கேட்பதற்கான காரணம். தீர்ப்பு சொல்வதற்கான சாட்சி இல்லை. அதிலும் என்ன வார்த்தை என்பதைவிட, அந்த வார்த்தை எப்போது நிற்கிறது என்பது முக்கியம். அம்மா காபியோடு உள்ளே நுழைந்ததும் போன் பேச்சு சட்டென்று அறுபடுகிறதா? தினமுமா? அதே நேரத்திலா? பேசி முடித்த உடனே வண்டிச் சாவியைத் தேடுகிறானா? அகராதி இல்லாமலே இதெல்லாம் புரியும்.

கஞ்சா என்றால் சிவந்த கண், அதை மறைக்கக் கண்ணுக்குச் சொட்டு மருந்து, நேரம் கெட்ட நேரத்தில் அசுரப் பசி, துணியில் எரிந்த இலை வாசம், அதை அமுக்க பாடி ஸ்பிரே. சிலருக்கு யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற சந்தேகமும் காதில் குரல் கேட்பதும் வரும். அதைப் பேய் என்று நினைத்து நாள் கடத்தினால் மனநோய் முற்றும்.

வலி மாத்திரை விஷயம் வேறு. மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத டபென்டடால் மாதிரி மாத்திரைகளைப் போதைக்குப் பயன்படுத்துவது, ஊசியாகவே ஏற்றிக்கொள்வது, தமிழ்நாட்டில் பல ஊர்களில் போலீஸ் வழக்காகவே வந்திருக்கிறது. இது அபின் குடும்பத்து வேலை செய்யும் மருந்து. ஏறியிருக்கும்போது கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், ஆள் தூங்கி வழிவான். கிடைக்காதபோது ஓயாத கொட்டாவி, மூக்கு ஒழுகல், உடம்பு வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை. வீட்டில் 'வைரல் ஃபீவர்' என்பார்கள். மாசத்துக்கு மூன்று தடவை வந்து, ஒரு மணி நேரம் வெளியே போய்வந்ததும் பறந்துபோகும் வைரல் ஃபீவர் உலகத்தில் கிடையாது. மதுரை வெயிலில் ஃபுல் ஹேண்ட் சட்டையை மடிக்கவே மாட்டேன் என்கிறவனின் கையையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பை. 2024 செப்டம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, பள்ளி மாணவர்கள் கூல் லிப் பயன்படுத்துவது பற்றிக் கவலை தெரிவித்து, நாடு முழுக்கத் தடை செய்தால் என்ன என்று கேட்கும் அளவுக்கு இது போனது. பஞ்சர் பசை, ஒயிட்னர் மோந்து பார்ப்பது இன்னொன்று. 2019 கணக்கெடுப்பில் பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாகக் காணப்பட்ட ஒரே போதை வகை இந்த மோந்து பார்ப்பதுதான். முதல் தடவையிலேயே இதயம் நின்று சாகக்கூடிய போதை அது. பெட்டிக்கடையில் கிடைப்பதால் யாரும் அதைப் போதை என்றே நினைப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் பொதுவானது பணம், தூக்கம், சிநேகம். மூன்றும் சேர்ந்து மாறினால் எந்த அகராதியும் தேவையில்லை.

தெரிந்தபின் என்ன?

இங்கேதான் மங்கல வழக்கு உயிரைக் குடிக்கிறது. தெரிந்ததும் வீடு செய்யும் முதல் காரியம் அடி. இரண்டாவது, ரூமில் வைத்துப் பூட்டு. மூன்றாவது, யாருக்கும் தெரியாமல் எங்கேயோ இருக்கும் 'மறுவாழ்வு இல்லத்தில்' தள்ளிவிட்டு, உறவினர்களிடம் "வெளியூர்ல வேலை" என்பது. அந்த இல்லத்துக்கு உரிமம் இருக்கிறதா, மருத்துவர் வருகிறாரா என்று கேட்கக்கூட ஆள் இருக்காது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகிச் செத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கொண்டுபோய் விடுவது எங்கே கொண்டுபோய் முடியும் என்பதற்கு மதுரைக்குப் பக்கத்திலேயே இருக்கும் சாட்சி அது. 2017 மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. குடி, போதையால் வரும் மனநலப் பிரச்சினைகளும் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன.

பூட்டி வைப்பதில் மருத்துவ ஆபத்தும் உண்டு. பல வருஷம் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிரே போகலாம். ஊசி போட்டவனை மூன்று மாசம் பூட்டி வைத்து வெளியே விட்டால், உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். அவன் பழைய அளவையே ஏற்றுவான். மூச்சு நின்றுவிடும். "நல்லாத்தான்யா இருந்தான், திருந்திட்டான்னு நெனச்சோம்" என்று வாசலில் உட்கார்ந்து அழும் குடும்பத்துக்கு, ஏன் செத்தான் என்று கடைசி வரை தெரியாது.

"ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேஸ் ஆயிரும்" என்பது அடுத்த பயம். பயப்பட வைத்ததில் அரசுக்கும் பங்கு உண்டு. 2021 டிசம்பரில் தொடங்கி 'கஞ்சா வேட்டை', பிறகு 2.0, 3.0, 4.0 என்று சாஃப்ட்வேர் வெர்ஷன் மாதிரி தமிழ்நாடு போலீஸ் நடவடிக்கை எடுத்தது. விற்பவனைப் பிடிப்பது சரிதான். ஆனால் 'வேட்டை' என்ற வார்த்தை காதில் விழும் அம்மா, தன் பையனை வேட்டையாடப்படும் மிருகமாகத்தான் நினைப்பார். அவரிடம் சொல்ல வேண்டிய வேறொரு விஷயம் 1985 என்.டி.பி.எஸ். சட்டத்திலேயே இருக்கிறது. பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய அடிமை, தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால், 64ஏ பிரிவின்படி அவன் மேல் வழக்கு நடத்தக் கூடாது. பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும், அவ்வளவுதான். மருத்துவரிடம் சொன்னது ரகசியமாக இருக்கும் உரிமையை 2017 சட்டமும் கொடுக்கிறது. கஞ்சா வேட்டைக்கு அடித்த போஸ்டரில் பாதியையாவது இந்த 64ஏ பிரிவுக்கு அடித்திருந்தால் எத்தனை பேர் வந்திருப்பார்கள்!

வருவதற்கு இடமும் இருக்கிறது. கோரிப்பாளையத்தில் அரசு இராஜாஜி மருத்துவமனை, அதாவது மதுரைக்காரர்களின் பெரியாஸ்பத்திரி, மனநலப் பிரிவோடு இருக்கிறது. 1992இல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை மதுரையில் மனநலத்துக்காகவே வேலை செய்கிறது. 2025இல் தமிழ்நாடு அரசு 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்களைத் திறந்தது. இருந்தும் ஆள் வருவதில்லை. அதே 2019 கணக்கெடுப்பின்படி குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சையாவது கிடைத்திருக்கிறது. மீதி 37 வீடுகளில் என்ன பேசிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று யோசித்தால், மேலே உள்ள வீட்டு அகராதிதான் ஞாபகத்துக்கு வருகிறது.

ஆகவே பெற்றோர் கற்றுக்கொள்ள வேண்டியது பையன்களின் பாஷையை அல்ல. அதைக் கற்பதற்குள் அவன்கள் வேறு பாஷைக்குப் போய்விடுவான்கள். பையனுக்கும் அப்பாவுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒரே அர்த்தம் தருகிற சாதாரணத் தமிழில் கேட்டால் போதும். மாடி ஏறிப் போய், கதவைத் தட்டி, பக்கத்தில் உட்கார்ந்து, கையை ஓங்காமல் கேட்க வேண்டும்: "தம்பி, கஞ்சா அடிக்கிறியா? மாத்திர போடுறியா? சொல்லு. நாளைக்குக் காலைல டாக்டர்ட்ட போவோம். நானும் வர்றேன்."

பையன் இல்லை என்றுதான் முதலில் சொல்வான். பரவாயில்லை. அந்த வீட்டில் அந்த வார்த்தையை முதல் தடவை ஒருவர் வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது. அடுத்த தடவை கேட்பது கொஞ்சம் சுலபம், பதில் சொல்வதும்.

டிஸ்கி: போதை மீட்பு ஆலோசனைக்கு மத்திய அரசின் இலவச எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. பத்து பேருக்கு எதையாவது ஃபார்வர்டு செய்தே தீர வேண்டும் என்றால், இந்த இரண்டு எண்களைச் செய்யலாம்.